ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தகராறு: முதலில் ஆயில், அப்புறம் அறிகுறி

ஆட்டோமேட்டிக் கார் இழுக்கவில்லை, உதறுகிறது, கியர் மாற நேரமெடுக்கிறது என்றதும் பலர் நேராக "கியர்பாக்ஸ் போச்சு" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தப் பயத்தோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் கழற்றிப் பிரிக்கும் பேச்சுதான் முதலில் வரும். ஆனால் இந்த அறிகுறிகளில் பலவற்றுக்குக் காரணம் கியர்பாக்ஸின் உள்ளே இருக்காது. ஆயில் குறைந்திருக்கலாம், பேட்டரி பலவீனமாக இருக்கலாம், பிரேக் பெடல் சுவிட்ச் கெட்டிருக்கலாம், இன்ஜினில் ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியாமல் இருக்கலாம். செலவில்லாமல் பார்க்கக்கூடியதை எல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இந்த வழிமுறையின் அடிப்படை.

குறித்துக்கொள்ள வேண்டியவை

தொல்லை காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு வருகிறதா? முன்னால் போகும்போது மட்டுமா, ரிவர்ஸிலுமா? எல்லா கியரிலுமா, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது மட்டுமா? சத்தம் என்றால், அது இன்ஜின் சுழற்சியோடு ஏறி இறங்குகிறதா, வண்டி வேகத்தோடு ஏறி இறங்குகிறதா? சமீபத்தில் பேட்டரி மாற்றினீர்களா, ஆயில் மாற்றினீர்களா, யாராவது வண்டியைக் கட்டி இழுத்தார்களா? ஒரு தாளில் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "வண்டி ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லி விட்டால் மெக்கானிக்கால் ஊகிக்கத்தான் முடியும். "சூடான பிறகு, 60 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது மட்டும் உதறுகிறது" என்றால் அவர் தேடும் இடம் உடனே சுருங்கிவிடும்.

எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெயர் ஆட்டோமேட்டிக்தான் என்றாலும் உள்ளே நான்கு வகை உண்டு. டார்க் கன்வர்ட்டரும் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கோள் பல்சக்கரங்களும் கொண்டது ஒன்று. எஃகு பெல்ட் அல்லது சங்கிலியும் கூம்புப் புல்லிகளும் கொண்ட சி.வி.டி. இன்னொன்று. இரட்டை கிளட்ச் உள்ள டி.சி.டி. மூன்றாவது. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸிலேயே கிளட்ச்சையும் கியரையும் தானாக இயக்கும் கருவியைப் பொருத்திய ஏ.எம்.டி. நான்காவது. இந்த ஏ.எம்.டி.யில் மெதுவாகப் போகும்போது கியர் மாறுகையில் ஒரு சின்ன ஆட்டம் இருப்பது இயல்பு. அதில் கிளட்ச் தேய்ந்தால் வரும் அறிகுறிகள் மேனுவல் வண்டியில் வருவதைப் போலவேதான் இருக்கும். கீழே சொல்லப்போவது பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டர் வகைக்கு. சி.வி.டி.க்கும் டி.சி.டி.க்கும் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

வகைக்கு வகை ஆயிலும் வேறு. சி.வி.டி.யில் சாதாரண ஏ.டி.எஃப். (டார்க் கன்வர்ட்டர் வகைக்கான கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் பெல்ட் புல்லியில் வழுக்கி, இரண்டுமே பாழாகும். டார்க் கன்வர்ட்டர் வகைக்குள்ளேயே டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்.வி., டொயோட்டா டபிள்யூ.எஸ்., ஹோண்டா டி.டபிள்யூ.-1 என்று தனித்தனித் தரங்கள் இருக்கின்றன. கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வேகமாகப் பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலின் உராய்வுத் தன்மைதான் தீர்மானிக்கிறது. கையேட்டில் எந்தத் தரம் எழுதியிருக்கிறதோ அதைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். "எல்லாத்துக்கும் ஒத்துவரும்" என்ற வார்த்தையை நம்பி ஊற்றிவிட்டு, புதிதாக உதறல் வந்து நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

ஆயில் அளவு: டிப்ஸ்டிக் உள்ள வண்டியில்

தப்பாகவே அதிகம் செய்யப்படும் வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இன்ஜின் ஆயிலை இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்கிறோம். கியர்பாக்ஸ் ஆயிலைப் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பம்ப் ஆயிலை உறிஞ்சி டார்க் கன்வர்ட்டர், வால்வ் பாடி (ஆயில் அழுத்தத்தை ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் பிரித்து அனுப்பும் பாகம்), கூலர் குழாய்கள் எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருக்கும். அணைத்துவிட்டால் அதில் ஒரு பகுதி கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டுக்கு இறங்கிவிடும். அப்போது டிப்ஸ்டிக்கில் அளவு கூடுதலாகத் தெரியும், உண்மையில் குறைவாக இருந்தாலும் "போதும்" என்று காட்டும். விதிவிலக்கும் உண்டு: டிப்ஸ்டிக் வைத்த ஹோண்டா வண்டிகள் பலவற்றில் சூடானதும் இன்ஜினை அணைத்து, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்கச் சொல்கிறது கையேடு. ஆகவே உங்கள் வண்டியின் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை முதலில் படித்துவிடுங்கள்.

வண்டியை 15 முதல் 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். வெறுமனே நிறுத்தி இன்ஜினை ஓட விட்டால் கியர்பாக்ஸ் போதுமான அளவு சூடாகாது. சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். பிரேக் பெடலை மிதித்தபடியே லீவரை பி-யிலிருந்து (பார்க்கிங்) ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்) என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி, திரும்ப பி-க்குக் கொண்டு வாருங்கள். இதனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாதையிலும் ஆயில் நிரம்பும். சில வண்டிகளில் கடைசியாக என்-னில் வைக்கச் சொல்வார்கள், அதுவும் கையேட்டில் இருக்கும். இன்ஜின் ஓடட்டும். டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடையுங்கள். பனியன் துணியின் பஞ்சு ஒரு துளி உள்ளே போனாலும் வால்வ் பாடியின் மெல்லிய துளைகளில் போய்ச் சிக்கும். மறுபடி முழுவதுமாகச் செருகி, உருவிப் பாருங்கள்.

கம்பியில் சூடான நிலைக்கு ஒரு குறி, குளிர்ந்த நிலைக்கு ஒரு குறி என்று தனித்தனியாக இருக்கும். சூடானால் ஆயில் விரியும், அதனால்தான் இரண்டு குறிகள். சூடான வண்டியில் குளிர்நிலைக் குறியைப் பார்த்து "அதிகம்" என்று ஆயிலை வடித்துவிடுவதும், குளிர்ந்த வண்டியில் சூடுநிலைக் குறியைப் பார்த்து "குறைவு" என்று ஊற்றிவிடுவதும் அடிக்கடி நடக்கின்றன. கம்பியின் இரு பக்கமும் வேறு வேறு அளவு காட்டினால் குறைந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயில் ஒரு பக்கத்தைக் கூடுதலாக நனைத்துவிடும்.

குறைவாக இருந்தால் நீண்ட புனலை டிப்ஸ்டிக் குழாயிலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, கால் லிட்டருக்கு மேல் போகாமல் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் அளந்து பாருங்கள். பல வண்டிகளில் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடையே ஏறத்தாழ அரை லிட்டர்தான் வித்தியாசம். மேல் குறியைத் தாண்டிவிட்டால் அதுவும் கெடுதல்தான். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருப்பதால் அழுத்தம் நிற்காது, குறைவான ஆயிலுக்கு வரும் அதே வழுக்கல் (இன்ஜின் சுழன்றும் வண்டி இழுக்காதது) அதிகமான ஆயிலுக்கும் வரும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் இன்ஜின் ஆயிலைப் போல எரிந்து குறைவதில்லை. அளவு குறைந்திருக்கிறது என்றால் எங்கோ வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். ஊற்றி நிரப்பியதோடு விட்டுவிடாமல் கசிவைத் தேடுங்கள்.

டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியில்

இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இவற்றில் அளவைப் பார்க்க கியர்பாக்ஸின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு திருகு இருக்கும். வண்டியை நான்கு பக்கமும் சமமாகத் தூக்கி, இன்ஜினை ஓட விட்டு, ஆயிலின் வெப்பத்தை ஸ்கேனரில் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) பார்த்துக்கொண்டே, குறித்த வெப்பம் வந்ததும் அந்தத் திருகைக் கழற்றுவார்கள். ஆயில் மெல்லிய ஒழுக்காக வழிந்து சொட்டாக மாறினால் அளவு சரி. எதுவும் வராவிட்டால் குறைவு. அந்த வெப்பம் வண்டிக்கு வண்டி மாறும். பல டொயோட்டாக்களில் இது 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், முழுதாகச் சூடான நிலை அல்ல. முழுச் சூட்டில் திறந்தால் தேவையான ஆயிலும் சேர்ந்து வடிந்துவிடும்.

லிஃப்ட்டும் ஸ்கேனரும் இல்லாமல் இதை வீட்டில் செய்ய வேண்டாம். ஜாக்கில் ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் அளவு பொய்யாகும், ஓடும் வண்டியின் அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கும்போது "எந்த வெப்பத்தில் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் கையில் வண்டி இருக்கிறதா என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நிறமும் வாடையும்

வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். புது ஏ.டி.எஃப். பெரும்பாலும் தெளிந்த சிவப்பு. சி.வி.டி., டி.சி.டி. ஆயில்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கலாம், அதைக் கண்டு பதற வேண்டாம். சிவப்பு மங்கிப் பழுப்பானது வயதைக் காட்டுகிறது, மாற்றும் காலம் வந்திருக்கிறது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கிச் சூடேறியிருக்கின்றன. தாளில் நுண்ணிய சாம்பல் பூச்சு தெரிவது ஓரளவு இயல்பு. விரலில் உரசினால் தட்டுப்படும் அளவுக்கு உலோகத் துணுக்கு இருந்தால் உள்ளே ஏதோ உடைந்து தேய்கிறது.

பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் வண்டியை அப்படியே நிறுத்துங்கள். பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அதன் சுவர் ஓட்டையானால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் நுழையும். கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பரப்பு ஒருவகைக் காகிதம், பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீரும் கிளைகாலும் பட்டால் அது ஊறிப் பிரிந்துவிடும். "ஊர் வரைக்கும் போய்ச் சேர்ந்துடலாம்" என்று ஓட்டுவதுதான் இங்கே பெரிய நஷ்டம். ரேடியேட்டர் தொட்டியில் சிவப்பு ஆயில் மிதந்தாலும் இதே கதைதான்.

இனி அறிகுறி அறிகுறியாகப் பார்க்கலாம்.

லீவர் பி-யை விட்டு நகரவில்லை

இது பெரும்பாலும் கியர்பாக்ஸ் கோளாறே அல்ல. பிரேக் பெடலை மிதித்தால்தான் லீவரின் பூட்டு திறக்கும், மிதித்த செய்தியைச் சொல்வது பிரேக் விளக்கு சுவிட்ச். பெடலை மிதிக்கும்போது பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் சுவிட்ச்சோ ஃபியூஸோ போயிருக்கிறது. எரிந்தால், லீவருக்கு அடியில் உள்ள பூட்டுச் சோலனாய்டை (மின்சாரத்தால் நகரும் சிறு கருவி) சந்தேகிக்கலாம். பல வண்டிகளில் லீவரின் பக்கத்தில் சின்ன மூடிக்குள் ஒரு விடுவிப்புத் துளை இருக்கும், ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுச் சாவி முனையால் அழுத்தினால் லீவர் நகரும்.

சரிவில் நிறுத்தியபோது மட்டும் இப்படியென்றால், வண்டியின் எடை முழுவதும் பார்க்கிங் கொக்கியின் மேல் விழுந்து அது இறுகியிருக்கிறது. நிறுத்தும்போது முதலில் என்-னில் வைத்து ஹேண்ட்பிரேக் இழுத்து, பெடலை விட்டு வண்டி ஹேண்ட்பிரேக்கில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு, பெடலை மிதித்து பி-க்குப் போடும் பழக்கம் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிடும். பி-யில் ஸ்டார்ட் ஆகாமல் என்-னில் மட்டும் ஸ்டார்ட் ஆனால், லீவர் கேபிள் இளகியிருக்கிறது அல்லது கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச் கெட்டிருக்கிறது.

டி-யில் போட்டும் தாமதம்

நல்ல வண்டியில் டி-யோ ஆர்-ரோ போட்ட ஒன்றிரண்டு விநாடிக்குள் லேசாகப் பிடிப்பு தெரிய வேண்டும். அதைத் தாண்டி, பிறகு டொக்கென்று பிடித்தால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியென்றால் இரவு முழுக்க நின்ற பிறகு மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் டார்க் கன்வர்ட்டரிலிருந்த ஆயில் இரவில் தட்டுக்கு வடிந்துவிடுகிறது, அல்லது ரப்பர் சீல்கள் வயதாகி விறைத்துப்போய்ச் சூடான பிறகே இளகிப் பொருந்துகின்றன. நாள் முழுக்க வந்தால் அடைந்த ஃபில்டர், தேய்ந்த பம்ப் வரை சந்தேகம் போகும். தாமதமாகும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து அவசரப்படுத்தாதீர்கள். வேகமாகச் சுழலும் நேரத்தில் கிளட்ச் சட்டென்று பிடித்தால் அதன் ஆயுளையே தின்றுவிடும்.

எதில் போட்டாலும் நகரவில்லை என்றால் ஆயில் பெருமளவு கொட்டியிருக்கிறதா, லீவர் கேபிள் கழன்றிருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் பம்ப்போ கன்வர்ட்டரோதான், ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. முன்னால் போகிறது, ரிவர்ஸ் மட்டும் இல்லை என்றால் ரிவர்ஸுக்கான கிளட்ச் அல்லது அதற்கு அழுத்தம் அனுப்பும் வால்வ் பாடிப் பகுதி.

இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை

இன்ஜின் சுழற்சியைக் காட்டும் மீட்டர் முள் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை: வழுக்கல். ஆயில் குறைவா, அதிகமா, கருகியிருக்கிறதா? குறைவு மட்டும்தான் என்றால் நிரப்பிக் கசிவைச் சரிசெய்ததும் போய்விடும் வாய்ப்பு நல்லபடியாகவே இருக்கிறது. கருகிய வாடையோடு வழுக்கினால் தட்டுகள் தேய்ந்துவிட்டன, ஆயில் மாற்றி அவற்றை வளர்க்க முடியாது. ஒரே ஒரு கியரில் மட்டும் வழுக்கினால் அந்தக் கியரின் கிளட்ச்சோ சோலனாய்டோ. சி.வி.டி. வண்டியில் அழுத்தி மிதித்தால் இன்ஜின் சுழற்சி முதலில் ஏறி வேகம் பின்னால் தொடர்வது அதன் இயல்பு, அதை வழுக்கல் என்று எண்ண வேண்டாம். வேகம் தொடராமலேயே சுழற்சி தாறுமாறாக ஏறி இறங்கினால்தான் கவலை.

50-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் உதறல்

சாலையில் குறுக்கே போட்ட அதிர்வுப் பட்டைகள் மேல் ஓடுவதுபோல ஒன்றிரண்டு விநாடி உதறிவிட்டு நின்றால், டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்அப் கிளட்ச்சைச் சந்தேகியுங்கள். சீரான வேகத்தில் போகும்போது எரிபொருளை மிச்சப்படுத்த இந்த கிளட்ச் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும். பழைய ஆயிலின் உராய்வுத் தன்மை கெட்டால் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு உதறும்.

இதை உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. பின்னால் வண்டி எதுவும் வராத நேரான சாலையில், உதறல் வரும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலை இடக்காலால் லேசாகத் தொடுங்கள். பிரேக் செய்தி கிடைத்ததும் லாக்அப் விடுபடும். உதறலும் அந்த நொடியே நின்றால் லாக்அப்தான். நிற்காவிட்டால் பார்வையை இன்ஜின் பக்கம் திருப்புங்கள்: தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழுதான காயில். மிஸ்ஃபயரை (சிலிண்டர் ஒழுங்காக எரியாததை) கியர்பாக்ஸ் உதறல் என்று நினைத்துப் பெரிய பில் கட்டியவர்கள் இருக்கிறார்கள், அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். லாக்அப் உதறல் என்று தெரிந்தால் சரியான தரத்தில் ஆயிலை முழுதாக மாற்றிப் பார்ப்பதே முதல் படி. தொடக்க நிலையிலிருந்தால் அதிலேயே தீர்ந்துவிடுவது உண்டு.

இதற்கு எதிரான கோளாறும் இருக்கிறது. வண்டியை நிறுத்தும்போது கியரில் இருக்கையில் இன்ஜின் திணறி அணைந்து, என்-னில் போட்டால் ஒழுங்காக ஓடினால், லாக்அப் விடுபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் சோலனாய்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடித்துக்கொண்டு கியர் மாறுகிறது

நிறுத்தியபடி பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆர்-ருக்கும் டி-க்கும் மாற்றுங்கள், பானட் திறந்திருக்க இன்னொருவர் ஓரமாக நின்று இன்ஜினைப் பார்க்கட்டும். இன்ஜின் எம்பிக் குதித்தால் மவுன்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு தொடங்கியது என்றால், கியர்பாக்ஸ் கணினி கற்று வைத்திருந்த அளவுகள் அழிந்திருக்கலாம். சில நாள் நிதானமாக ஓட்டினாலே தானாகக் கற்றுக்கொள்ளும் வண்டிகளும் உண்டு, ஸ்கேனரால் கற்பிக்க வேண்டியவையும் உண்டு.

திடீரென்று எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் ஏறாவிட்டால் அது பாதுகாப்பு நிலை. கணினி தவறைக் கண்டுபிடித்து, சேதத்தைக் குறைக்க ஒரே கியரை வைத்துக்கொண்டிருக்கிறது. ஸ்கேனரில் பி 0700 மட்டும் வந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கியர்பாக்ஸ் கணினியில் வேறு குறியீடு காத்திருக்கிறது என்பதற்கான அறிவிப்புதான் அது, அந்தக் கணினியையும் படிக்கும் ஸ்கேனர் தேவை. பி 0715 உள்ளே வரும் தண்டின் வேக சென்சார் சுற்று. பி 0720 வெளியே போகும் தண்டினுடையது. பி 0730 கியர் விகிதம் தவறு, அதாவது வழுக்கல். பி 0741 லாக்அப் பிடிக்கவில்லை. பி 0218 கியர்பாக்ஸ் அதிகமாகச் சூடேறியது. சென்சார் குறியீடு என்றால் ஒயரும் கனெக்டரும் உடைந்து, ஈரம் புகுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பாகம் வாங்குங்கள். பேட்டரி மின்னழுத்தத்தையும் அளந்துவிடுங்கள், மின்னழுத்தம் தாழ்ந்தால் வராத குறியீடுகள் எல்லாம் வரும்.

சத்தம், கசிவு, சூடு

பி-யில் நிற்கும்போதே, இன்ஜின் சுழற்சியோடு ஏறும் ரீங்காரம் வந்தால் பம்ப் ஆயிலுக்குத் தவிக்கிறது: அளவு குறைவு அல்லது ஃபில்டர் அடைப்பு. ஓடும்போது மட்டும், வண்டி வேகத்தோடு ஏறினால் பேரிங் பக்கம் தேடுங்கள், சக்கர பேரிங்கையும் சேர்த்து.

கசிவைப் பிடிக்க இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள். சிவப்புச் சொட்டு எங்கே விழுகிறது என்பதே பாதி விடை. தட்டின் ஓரத்தில் என்றால் கேஸ்கெட். ரேடியேட்டர் அருகே என்றால் கூலர் குழாய். சக்கரத்துக்குப் போகும் தண்டின் அடியில் என்றால் ஆக்சில் சீல். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் என்றால் முன் சீல், அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும். சில வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்கிலும் இதே சிவப்பு ஆயில்தான் இருக்கும், அதன் தொட்டியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நெரிசலில் ஊர்ந்தபடி, அல்லது ஏற்றத்தில் சுமையோடு போகும்போது மட்டும் தொல்லை வந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். ஏற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது டி.சி.டி.யின் கிளட்ச்சை வெகு சீக்கிரம் எரிக்கும். சூட்டு எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி, பி-யில் இன்ஜினை ஓட விடுங்கள், கூலர் வேலை செய்யட்டும்.

ஆயில் மாற்றும்போது

"ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத ஆயில்" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். பல நிறுவனங்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. தட்டின் திருகைக் கழற்றி வடித்தால் மொத்த ஆயிலும் வராது, கணிசமான பகுதி கன்வர்ட்டரிலேயே தங்கிவிடும். அதனால் வடித்து ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுவது வழக்கம். நீண்ட காலம் ஆயிலே மாற்றாத வண்டிக்கு, இயந்திரத்தால் அழுத்தித் தள்ளி மாற்றுவதைவிட இந்த நிதான முறையைத்தான் நான் சொல்வேன். ஏற்கனவே வழுக்கும் வண்டியென்றால், மாற்றிய பிறகும் வழுக்கல் தொடரலாம் என்று தெரிந்தே செய்யுங்கள்.

வடிந்ததை ஒரு அளவுக் குவளையில் பிடித்து எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவு புது ஆயில் ஊற்றுங்கள், பிறகு மேலே சொன்ன முறையில் சூடாக்கி அளவைப் பாருங்கள். வடித்த ஆயிலே குறைவாக இருந்திருக்கலாம் அல்லவா, அதனால் கடைசி வார்த்தை டிப்ஸ்டிக்குடையதோ அளவுத் திருகினுடையதோதான்.